ஊதச் சொல்லும் வேலை

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போய்விட்டு வருகிற பெண் யாராக இருந்தாலும், கம்பிக் கதவைத் தாண்டும் முன் நின்று ஊத வேண்டும். ஈ.சி.ஆரில் வண்டியை நிறுத்திப் போலீஸ்காரர்கள் நீட்டுகிற கருவி எங்களிடம் கிடையாது. எங்கள் கருவி என் மூக்குதான்.

பெருமையாகவே சொல்கிறேன், நல்ல மூக்கு. பிராந்தி, ரம், பாண்டியிலிருந்து வரும் மலிவு சரக்கு, இருமல் மருந்து, எதுவாக இருந்தாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். ஏலக்காயை மென்றுகொண்டு வந்தாலும் தெரியும், பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு வந்தாலும் தெரியும். எல்லாம் நானே செய்து பார்த்த வித்தைகள். பெரிய சிஸ்டர் இந்த வேலையை எனக்குக் கொடுத்து நாலு வருடம் ஆகியிருந்தது. ஒரு காலத்தில் என் வாயிலிருந்து வந்த எதையும் யாரும் நம்பியதில்லை. இந்த வீட்டில் என் மூக்கு சொன்னால் மேல் விசாரணையே கிடையாது. அந்த மரியாதைக்காகவே வெயிலோ மழையோ கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

வீடு மரக்காணத்துக்கு வெளியே, உப்பளம் முடிந்து சவுக்குத் தோப்பு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. இரண்டு கன்னியாஸ்திரீகள் நடத்துகிறார்கள். எந்த நேரத்திலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருப்போம். எல்லோரையும் யாரோ ஒருவர் விற்றிருப்பார். எல்லோருக்கும் அதைத் தாங்க ஒரு போதை பழகியிருக்கும். விற்றவரிடமிருந்து மீட்டுக் கொண்டுவருவது ஒரு நாள் வேலை. மற்றதற்குத்தான் வருடக்கணக்கு ஆகும்.

நான் பத்தொன்பது வயதில் எக்ஸ்போர்ட் கம்பெனி வேலை என்று சொல்லிச் சென்னைக்கு அழைத்துப் போகப்பட்டவள். கம்பெனி இருந்தது ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடியில். அழுகிற பெண்ணை யாரும் விரும்ப மாட்டார்கள் என்று முதலில் அவர்களே ஊற்றிக் கொடுத்தார்கள். பிறகு அது இல்லாமல் என்னால் அந்தப் படிகளை ஏற முடியவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதப்போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்கள் என் மேல் இரக்கப்படுவார்கள். நான் சொல்ல வந்தது இரக்கப்படும்படியான விஷயம் அல்ல.

நான் ஒருத்தி மேல் பொறாமைப்பட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் போன ஐப்பசியில், மழை பிடித்திருந்த நாளில் வந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். கட்டிய புருஷனே ஆட்களைக் கூட்டிவந்து வெளியே பூட்டிவிட்டுப் போனவன். பூட்டிய அறையில் அவளுக்கு மூச்சு முட்டுகிறது என்று பெரிய சிஸ்டர் ஜன்னலோரக் கட்டிலை அவளுக்குக் கொடுத்தார். மூன்று வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கட்டில் அது. எனக்கு மட்டும் மூச்சு முட்டவில்லையா? கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மனசுக்குள் அவளுக்கு ஜன்னல் கட்டில்காரி என்று பெயர் வைத்துவிட்டேன்.

சமையல்கார அம்மா குழம்பில் நடுத்துண்டு மீனைத் தேடி அவள் தட்டில் வைத்தார். சின்ன சிஸ்டர் அவளுக்குத் தையல் கற்றுக்கொடுத்தார். மூன்று மாதம் தாண்டியதும் மற்றவர்களோடு உப்பளத்து வேலைக்கு அனுப்பினோம். அங்கேயாவது தடுமாறுவாள் என்று நினைத்தேன். உப்பு வாருவது பார்க்கச் சுலபம், செய்யக் கஷ்டம். பாத்தித் தண்ணீருக்கு அடியில் உறைந்த உப்பைப் பலகையால் இழுக்கும்போது அடிமண் கலங்கக் கூடாது. கலங்கினால் உப்பு பழுப்பாகிவிடும். நான் வேலை பழகிய ஒரு மாதமும் பழுப்பு உப்பு வாரி மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். இவள் ஒரு வாரத்தில் வெள்ளையாக இழுத்தாள். அதே மேஸ்திரி வீட்டுக்கே வந்து, இந்தக் கை சொல்லிக் கொடுத்து வருகிற கை இல்லை என்று பெரிய சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் டீ கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்று சொன்னேன். மறக்கவில்லை.

இதெல்லாம் சில்லறைப் பொறாமை. இருந்துவிட்டுப் போயிருக்கும். ஆனால் அவளுக்கு ஒரு மகள் இருந்தாள்.

ஆறு வயது. திண்டிவனம் பக்கம் ஒரு குழந்தைகள் விடுதியில் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் விடுதி வார்டன் அம்மா பஸ்ஸில் கூட்டிவருவார். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். ஈ.சி.ஆரில் இறங்கித் தோப்புக்குள் திரும்பும்போதே "அம்மா" என்று கத்த ஆரம்பித்துவிடும். கதவுக்கு வருகிற வரைக்கும் நிறுத்தாது. கதவின் சாவி என் இடுப்பில். வாரா வாரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பூட்டைத் திறந்து, அந்தப் பிள்ளையை அவளிடம் விடுவது என் வேலையாகிப் போனது.

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். பன்னிரண்டு வயது. இரும்பையில் என் அண்ணன் வீட்டில் வளர்கிறாள். கைக்குழந்தையாக அண்ணியிடம் விட்டுவிட்டு, பத்து நாளில் வருகிறேன் என்று மறுபடி சென்னைக்குப் போனேன். குடிக்கத்தான் போனேன், வேறு எதற்கும் இல்லை. இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஆறு வயது முடிந்திருந்தது. அப்போது இங்கே இருந்த சட்டப்படி முதல் ஒரு வருடம் பிள்ளையைப் பார்க்கக் கூடாது. பிள்ளை நினைப்பில் ஓடிவிடுவோம் என்று பயம். ஒரு வருடம் பொறுத்து, புதுப் புடவை கட்டிக்கொண்டு இரும்பைக்குப் போனேன். அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தைக்கு வணக்கம் சொல்லு என்றார் அண்ணி. சொன்னாள். அன்றிலிருந்து நான் அத்தை, அவர் அம்மா. அண்ணி நல்லவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தச் சட்டம் பிறகு மாறிவிட்டது. பிள்ளையைப் பார்த்தால்தான் பெண்கள் தாங்கி நிற்கிறார்கள் என்று கண்டுபிடித்தார்களாம். எனக்குப் பிறகு கண்டுபிடித்தார்கள். ஜன்னல் கட்டில்காரி மூன்றாவது மாதமே மகளை மடியில் வைத்துக்கொண்டு சடை பின்னினாள். நான் வயிறெரிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்ன தப்பு செய்தாள்? ஒன்றுமில்லை. அது எனக்கு அப்போதும் தெரியும்.

எங்கள் வீட்டில் நாள் எண்ணுவதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறோம். வருடப் பிறப்புக்குக் கடைகளில் கொடுத்து மிஞ்சுகிற தினசரி காலண்டர்களைக் கோயில் ஆட்கள் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். ஆளுக்கு ஒன்று. சாயங்காலம் அன்றைய சீட்டைக் கிழித்து, கடைகளில் பில் குத்தி வைப்பது போல, அவரவர் கம்பியில் குத்த வேண்டும். ஒரு சீட்டு என்றால் குடிக்காத ஒரு நாள். தவறிக் குடித்துவிட்டால் கம்பியில் உள்ள அத்தனையையும் அவளே உருவி, பின்கட்டில் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு மறுநாள் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். என்னுடையவை ஆறு வருடச் சீட்டுகள். கட்டுக் கட்டாகச் சணல் கயிற்றில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஜன்னல் கட்டில்காரியின் கம்பியில் சித்திரை வாக்கில் நூற்று எழுபத்தாறு இருந்தன. நான் எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமைச் சீட்டுகளின் பின்பக்கம் அவள் மகள் படம் வரைந்திருக்கும்: மீன், பஸ், உப்பு அம்பாரம் என்று சொல்லி ஒரு முக்கோணம். கடைசி ஞாயிறு எங்கள் எல்லோரையும் வரிசையாக வரைந்தது. கதவருகே ஸ்டூலில் ஒரு உருவம், முகம் முழுக்க மூக்கு. யார் இது என்று கேட்டதற்கு, பெரியம்மா என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுருக்கென்றுதான் இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை விழுப்புரத்தில் குழந்தைகளுக்கான கமிட்டி கூடுவதாக இருந்தது. கோடை விடுமுறை முழுக்கப் பிள்ளையை அவளிடம், எங்கள் வீட்டிலேயே, பின்பக்க அறையில் விட்டுப் பார்க்கலாமா என்பது கேள்வி. அது நல்லபடியாகப் போனால் அடுத்த வருடம் பிள்ளை நிரந்தரமாக அம்மாவிடம் வந்துவிடும். பெரிய சிஸ்டர் எழுதித் தருகிற ரிப்போர்ட்டை வைத்துத்தான் முடிவு. ஆறு மாதமாக ஒரு சொட்டுத் தொடவில்லை என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். அவள் தூக்கத்தில்கூட அந்த வியாழக்கிழமையைச் சொன்னாள் என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள்.

படம் வரைந்த ஞாயிறுக்கு அடுத்த புதன்கிழமை. உப்பளத்துக்குப் போன நால்வரில் மூவர் பத்தரைக்கே வந்து ஊதிவிட்டு உள்ளே போனார்கள். அவள் கால் மணி நேரம் கழித்து வந்தாள். கடைசிப் பாத்தி பாதியில் நின்றதாம், முடித்துவிட்டு வந்தாளாம். முட்டிவரை உப்பு பூத்திருந்தது. வழக்கம்போல என் முன்னால் நின்று ஊதினாள்.

பதநீர் வாசனை. வரப்பில் ஒரு ஆள் மொபெட்டில் குடம் கட்டி வந்து விற்பார். காலையில் இறக்கியது, வெயில் ஏறினால் லேசாகப் புளிப்புத் தட்டும். ஆனால் பதநீர்ப் பானையில் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். கள்ளுப் பானையில் பூச மாட்டார்கள். புளிப்புக்குக் கீழே சுண்ணாம்பு வாசனை இருந்தால் அது பதநீர். இருந்தது. சந்தேகமே இல்லாமல் இருந்தது. அதை முகர்ந்துவிட்டு நான் உடனே ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.

பெரிய சிஸ்டர் முருங்கை மரத்தடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பேசாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். என்னம்மா என்றார்.

"பதனிதான் சிஸ்டர் குடிச்சேன், தாகமா இருந்துச்சு," என்றாள் அவள்.

பெரிய சிஸ்டர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நாலு வருடமாக அப்படித்தான். அந்தப் பார்வையில் எனக்கு இருந்த சுகத்தை எப்படிச் சொல்வது. ஞாயிறு தோறும் கேட்கிற அந்தச் சத்தம் காதுக்குள் கேட்டது.

"புளிச்ச வாட அடிக்குது சிஸ்டர்," என்றேன்.

அது பொய் இல்லை என்று பிறகு எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். புளித்த வாடை அடிக்கத்தான் செய்தது. சுண்ணாம்பை விட்டுவிட்டேன், அவ்வளவுதானே.

அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். பதநீர்க்காரரைக் கூப்பிடச் சொல்வாள், அழுவாள், என்னைத் திட்டுவாள். திட்டியிருந்தால் எனக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். அவள் கையைக் குவித்துத் தானே ஊதி முகர்ந்து பார்த்தாள். திரும்பவும் முகர்ந்தாள்.

"எனக்குத் தெரியலியே சிஸ்டர். அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். பதனின்னு நெனச்சிக் கள்ள குடிச்சிட்டேன் போல இருக்குது."

யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளே உள்ளே போய்க் கம்பியை எடுத்துவந்தாள். பின்கட்டில் வெந்நீர் அடுப்பு அணைந்து கிடந்தது. சவுக்குக் குச்சி ஒடித்துப் போட்டுப் பற்றவைத்துவிட்டு, சீட்டுகளை உருவி ஒரு கை ஒரு கையாகப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பாள், கேட்டால் நானே பெரிய சிஸ்டரிடம் பரிந்து பேசலாம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. மீனும் பஸ்ஸும் போயின. என் மூக்கும் போனது. பிறகு குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாள். அன்றைக்கும் சமையல்கார அம்மா அவள் தட்டில் நடுத்துண்டைத்தான் வைத்தார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

வீட்டுச் சட்டப்படி, குடித்தவள் முப்பது நாள் பிள்ளையைப் பார்க்க முடியாது. ஞாயிறு வர வேண்டாம் என்று விடுதிக்குப் போன் செய்யும் வேலை என்னிடம் வந்தது. வார்டன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை போனைப் பிடுங்கிக்கொண்டது. அம்மாவுக்குக் கோபமா என்று கேட்டது. கோபம் இல்லை, வேலை என்றேன். 

"நான் உங்கள மூக்கா வரஞ்சேன்ல, அதுக்கா பெரியம்மா?"

இல்லை கண்ணு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஆறு வயதுப் பிள்ளை ஒரே கேள்வியில் விஷயத்துக்கு வந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் நாலு நாள் ஆனது.

சொல்லிவிட வேண்டும் என்று வியாழன் நினைத்தேன், வெள்ளி நினைத்தேன். சொன்னால் இந்த ஸ்டூல் போய்விடும். என் மூக்கை யாரும் நம்பாத வீட்டில் நான் யார்? வாயை மட்டும் வைத்துக்கொண்டு இருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. சனிக்கிழமை அவள் கம்பியைப் பார்த்தேன். மூன்று சீட்டு. பெரிய சிஸ்டர் ரிப்போர்ட்டைத் திங்கட்கிழமை எழுதுவதாக இருந்தார். மூன்று சீட்டை வைத்து என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் சத்தம் கேட்காத கதவருகே உட்கார முடியாமல், மாதம் ஒருமுறை போகிற இரும்பைக்கு அந்த வாரமே கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் பெரிய முதலியார்சாவடி வரை போய் அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கோயிலைத் தாண்டி மூன்றாவது வீடு. அண்ணி வாசலிலேயே கட்டிப் பிடித்துக்கொண்டார். எப்போது போனாலும் கட்டிப் பிடிப்பார். முதல் இரண்டு வருடம் அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, முகர்ந்து பார்க்கிறார். நானும் அதே தொழில் செய்கிறவள் என்பதால் அதைக் கண்டுகொள்வதில்லை.

அண்ணி மாட்டைப் பார்க்கப் பின்னால் போனார். என் மகள் சொம்பில் பதநீர் கொண்டுவந்து டம்ளரில் ஊற்றினாள். காலையில் வாங்கியது, குளிர்ச்சியாகத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாளாம். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. அவள் கையால் ஊற்றியதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. குடித்தேன். இன்னொரு டம்ளர் ஊற்றினாள், அதையும் குடித்தேன். பள்ளிக்கூடத்துக் கதை சொன்னாள். அவளுக்கு என் பல்வரிசை வந்திருக்கிறது. நான் அத்தை இல்லை என்று அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் இதுவரை வரவில்லை.

அண்ணன் கொல்லையிலிருந்து வந்தார். வா என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். முகம் மாறிவிட்டது. சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

"ஏம்மா, மறுபடியுமா?"

 பதநீர் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் பதினைந்து வருடமாக அவரிடம் நான் சொன்ன சொற்களெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. காய்ச்சல் மருந்து என்று சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவன் குடித்திருந்தான் என்று சொல்லியிருக்கிறேன். பதநீர் என்றும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன், அது கள். அப்படியே தலையைக் குனிந்துகொண்டேன். நான் குடிக்கவில்லை என்பதே ஒரு நிமிஷம் எனக்கு நிச்சயமாக இல்லை.

என் மகள்தான் பேசினாள். "இல்லப்பா, நான்தான் பதனி ஊத்திக் குடுத்தேன். சுண்ணாம்பு வாசன அடிக்குது பாருங்க."

அண்ணன் சரி சரி என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். அவருக்கு அது அத்தோடு முடிந்தது. மகள் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கும் அது ஒன்றும் பெரிய காரியமில்லை. தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் சாப்பாட்டுக்கு இருக்கவில்லை. வேலை இருக்கிறது என்று கிளம்பினேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. பொம்மையார்பாளையம் தாண்டும்போது அழ ஆரம்பித்தவள், மரக்காணம் வருகிற வரைக்கும் நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார். இல்லைங்க என்றேன்.

ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் டீ குடிக்க உட்காருவோம். முதலில் பெரிய சிஸ்டரிடம் மட்டும் தனியாகச் சொன்னேன்.  என் சீட்டுகளை எல்லாம் கொண்டுவந்து அடுப்பில் போட்டுவிடுகிறேன் என்றேன். தலையை ஆட்டினார்.

"அது நீ குடிக்காத நாளு. அத ஏன் எரிக்கற? நீ குடிச்சிருந்தா என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியும். இதுக்கு என்கிட்ட சட்டம் ஒண்ணும் இல்ல. போய் அவகிட்ட சொல்லு."

கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. பதநீர் என்று தெரியும், தெரிந்தே மறைத்தேன், உன் பிள்ளை உன்னை அம்மா என்று கூப்பிடுவது எனக்குப் பொறுக்கவில்லை என்றேன். யாரோ ஒருத்தி தூ என்றாள். சமையல்கார அம்மா எழுந்து போய்விட்டார். ஜன்னல் கட்டில்காரி டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் கை ஓங்குவாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"சுண்ணாம்பு வாசன வந்துச்சாக்கா?" என்று கேட்டாள்.

"வந்துச்சு."

"நல்லா வந்துச்சா?"

"நல்லா வந்துச்சு."

"அப்போ நான் குடிக்கல." என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொன்னாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள். "நான் குடிக்கல."

அந்த நாலு நாளும் அவள் தன்னைக் குடித்தவளாகவே நம்பியிருந்திருக்கிறாள். நான் பிள்ளையைப் பிரித்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடமிருந்து அவளையே பறித்திருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள், அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

அதன் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அது நியாயம். ரிப்போர்ட்டில் எழுத வேண்டியதைப் பெரிய சிஸ்டர் எழுதினார். வியாழக்கிழமை விழுப்புரத்திலிருந்து அவள் திரும்பியபோது கூடவே வாசலில் இருந்து எனக்குத் தெரிந்த சத்தம் கேட்டது. பிள்ளை ஒரு பையும் ஒரு பிளாஸ்டிக் வாளியுமாகக் கோடைக்கு வந்து சேர்ந்தது. எரிந்த சீட்டுகள் எரிந்தவைதான். அவள் ஒன்றிலிருந்தே எண்ணிக்கொண்டு போனாள். திரும்ப எண்ணி எழுதி வைத்துக்கொள் என்று சின்ன சிஸ்டர் சொன்னதற்கு, பரவாயில்லை, இதுவும் சேரும் என்றாளாம்.

கதவு வேலை என்னிடமிருந்து போய்விட்டது. சாவியையும் ஸ்டூலையும் யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது பெரிய சிஸ்டர் ஜன்னல் கட்டில்காரியைக் கேட்டார். தனக்கு அவ்வளவு மூக்கு கிடையாது என்று அவள் மறுத்தாள். மூக்கு பழகிக்கொள்ளும் என்றார் சிஸ்டர். எனக்கு வயிறெரியவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். நாலு வருட ஸ்டூல். எரிந்தது. இப்போதும் எரிகிறது, காலையில் எழுந்ததிலிருந்து அந்தப் பிள்ளை நூறு தடவை அம்மா என்கிறது, நூறு தடவையும் எரிகிறது. அது பாட்டுக்கு எரியட்டும் என்று பாத்திரம் கழுவப் போய்விடுகிறேன்.

வைகாசியில் மறுபடி இரும்பைக்குப் போனேன். என் மகள் மறுபடி பதநீர் ஊற்றினாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வழியில் டீ குடித்து மறைத்திருக்கலாம், குடிக்கவில்லை. நாலு மணி வெயிலில் தோப்பைக் கடந்து கதவருகே வந்து நின்றேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னலை முடித்து ரிப்பன் கட்டிவிட்டு எழுந்து வந்தாள்.

"ஊதுங்கக்கா," என்றாள். ஒரு மாதத்தில் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

ஊதினேன். புளிப்பு எனக்கே தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். போதாதென்று இன்னொரு தரம் ஊதச் சொன்னாள். என் ஆறு வருடமும் அந்த நேரம் அவள் மூக்கில் இருந்தது. முருங்கை மரத்தடியிலிருந்து பெரிய சிஸ்டர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். என்னம்மா என்று கேட்டார். என்னை இல்லை, அவளை. நான் பதநீர் என்று சொல்லவில்லை. அவள் முன்னால் அதைச் சொல்கிற வாய் எனக்கு இல்லை.

அவள் பூட்டைத் திறந்தாள்.

"பதனி சிஸ்டர். சுண்ணாம்பு வாசன நல்லாத் தெரியுது," என்றாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "உள்ள போங்கக்கா. சீட்டு கிழிக்கணும்ல."